உடைய வேண்டியது உடையட்டும்

(கூத்தாநல்லூரில் நடந்த வாசகர் கூட்டத்தில் பட்டறைக்காரர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"நீ பட்டறைக்காரன், பட்டறையைப் பற்றியே பேசு" என்று சொல்லித்தான் என்னை இங்கே அழைத்தார்கள். எனக்கும் வேறெதுவும் பேசத் தெரியாது. ஆகவே காரின் கூரையில் இருக்கிற கண்ணாடியை, சன்ரூஃப் என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே அதை, எடுத்துக்கொள்கிறேன். அது உடைந்து நின்றுவிட்டால் பாகத்தை நாமே செய்து மாட்ட முடியுமா, மாட்டலாமா என்பதுதான் பேச்சு. சொல்லப்போவது ஒரே ஒரு விஷயம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் எழுந்து போகிறவர்களுக்கும் கிடைக்கட்டும்: நீங்கள் செய்கிற பாகம் கம்பெனிப் பாகத்தைவிடப் பலமாக இருக்கக் கூடாது. ஏன் என்று கேட்கிறவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் போதும்.

இந்த வெயிலில் கூரையைத் திறக்க என்ன ஆசை என்று கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. குளிர் நாட்டுக்காரன் வெயிலைத் தேடித் திறந்து வைத்த ஓட்டை அது. ஜெர்மனியில் வெபாஸ்டோ என்ற கம்பெனி 1930-களிலேயே துணியால் மடிகிற கூரையைச் செய்து விற்றது. அமெரிக்காவில் நாஷ் கம்பெனி 1937-இல் இரும்புத் தகடு நகர்கிற கூரையோடு கார் விட்டது. பிறகு ஜெர்மனியிலிருந்து அங்கே படிக்கப்போன ஹெய்ன்ஸ் பிரெக்டர் என்ற இளைஞர் 1965-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கார் ஷெட்டில் சன்ரூஃப் மாட்டும் தொழிலைத் தொடங்கினார். பழைய கதவு ஒன்றைப் படுக்கப்போட்டு அதையே வேலை மேசையாக வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். பின்னால் அது பெரிய கம்பெனியாக வளர்ந்தது. ஆக, இந்தத் தொழில் பிறந்ததே வீட்டுப் பட்டறையில்தான். "இதெல்லாம் கம்பெனி சமாச்சாரம், நம்மால் ஆகாது" என்று யாராவது சொன்னால் அந்தக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். பர்மா, மலேயா, சிங்கப்பூர், பிறகு அரபு நாடுகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சபர் போய் வந்த ஊர் இது. சின்ன சிங்கப்பூர் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் சபராளி வீட்டு வாசலில் நிற்கிற உயர்ந்த விலைக் காரில் மட்டும்தான் கூரைக் கண்ணாடியைப் பார்ப்போம். இப்போது அப்படியில்லை. 2023-இல் வந்த ஹூண்டாய் எக்ஸ்டர் போன்ற சிறிய வண்டியிலேயே வாயால் சொன்னால் திறக்கிற கூரை வந்துவிட்டது. கேப்ரியல் கம்பெனியும் நெதர்லாந்தின் இனால்ஃபாவும் சேர்ந்து 2024-இல் சென்னைப் பக்கம் சன்ரூஃப் தொழிற்சாலையே தொடங்கிவிட்டன. லெட்சுமாங்குடி பாலத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு சன்ரூஃப் வண்டியாவது எதிரே வருகிறது. வந்த வண்டியெல்லாம் ஒருநாள் பட்டறைக்கும் வரத்தானே செய்யும்.

பட்டறைக்கு வருகிறவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு பாய், அப்புறம் கோணிக்கிட்டு நின்னுடுச்சு." ஒரு பக்கம் மேலே தூக்கியிருக்கும், மறுபக்கம் படிந்திருக்கும். பட்டனை அழுத்தினால் மோட்டார் உறுமும், கண்ணாடி அசையாது. மழை வரப்போகிறதே என்ற பயத்தில் அவர் பட்டனை இன்னும் நாலு முறை அழுத்தியிருப்பார். பத்து ரூபாய் பிளாஸ்டிக்கோடு போக வேண்டிய கேடு ரெயிலுக்கும் கேபிளுக்கும் பரவுவது அந்த நாலு அழுத்தலில்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் அலுமினிய ரெயில். நடுவில் ஒரு சின்ன மோட்டார், அதன் முனையில் சுண்டு விரல் பருமனில் ஒரு பல்சக்கரம். அந்தப் பல்லில் இரண்டு கேபிள்கள் கடிபட்டிருக்கும். சைக்கிள் பிரேக் கேபிள் இழுக்க மட்டும்தான் ஆகும். இது அப்படியல்ல. மேலே திருகு மாதிரிக் கம்பி சுற்றியிருப்பதால் பல்சக்கரம் இதைத் தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும். சக்கரத்தின் இந்தப் பக்கம் ஒரு கேபிள், அந்தப் பக்கம் ஒரு கேபிள். சக்கரம் சுற்றினால் இரண்டும் எதிரெதிரே ஓடும். ஒன்று இடது ரெயிலுக்கும் மற்றது வலது ரெயிலுக்கும் வளைந்து போவதால் கண்ணாடியின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே தூரம் நகரும். இதைக் கண்டுபிடித்த ஆளுக்கு ஒரு சலாம் போடலாம்.

கேபிளின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. கட்டை விரல் அளவுதான் இருக்கும். ஸ்லைடர் என்போம், சிலர் ஷூ என்பார்கள். ரெயிலின் காடிக்குள் ஓடுவது இதுதான். இதன் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற சின்னக் காதில் ஒரு பின் இருக்கும். கண்ணாடியைத் தாங்குகிற இரும்புக் கையில் வளைந்த காடி ஒன்று வெட்டியிருப்பார்கள், பின் அதற்குள் ஓடும். ஸ்லைடர் நகர நகர, பின் அந்த வளைவில் ஏறி இறங்கி, முதலில் கண்ணாடியின் பின்பக்கத்தைத் தாழ்த்தும், பிறகு மொத்தமாகப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். இவ்வளவு வேலையும் அந்தக் காதின் மேல்தான் விழுகிறது. அதனால் உடைவதும் அதுதான்.

ஏன் உடைகிறது? கம்பெனி மட்டமாகச் செய்துவிட்டான் என்று திட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நம் பக்கத்து வண்டிகளில் நான் பார்க்கிற காரணமே வேறு. தை, மாசி மாதத்தில் மன்னார்குடி ரோட்டில் வந்து பாருங்கள். சம்பா அறுவடை. அறுவடை மெஷின் வயலில் ஓடுகிறது, கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றுகிறார்கள், பாதி ரோட்டில் நெல் காய்கிறது, மீதிப் பாதியில் நாம் வண்டி ஓட்டுகிறோம். பதரும் உமித்தூளும் காற்றெல்லாம் பறக்கிறது. காற்று நன்றாக இருக்கிறதென்று கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு போகிறோம். ரெயிலில் கிரீஸ் இருக்கிறது, தூள் அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும், அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா, அதாவது மணலின் ஜாதி. ஆக, கிரீஸ் போட்ட ரெயிலில் நாம் உப்புத்தாளை அரைத்துத் தடவி வைத்திருக்கிறோம். ஷார்ஜாவில் நான் பட்டறையில் இருந்தபோது பாலைவன மணல் செய்த வேலையை இங்கே சம்பா செய்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஸ்லைடர் கொஞ்சம் தேயும், கொஞ்சம் இறுகும், ஒருநாள் காது தெறிக்கும்.

இதற்கு மேல் கிரீஸை அள்ளி அப்பிவிடுகிற நல்ல மனசுக்காரர்களும் இருக்கிறார்கள். ரெயிலைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சிலிகான் கிரீஸை விரல் நுனியில் தொட்டு மெல்லிசாகத் தடவினால் போதும். சக்கரத்துக்குப் போடுகிற சாதாரண கிரீஸைக் கொண்டுபோய் ரப்பர் பீடிங்கில் தடவினால் ரப்பர் ஊதிப்போகும்.

இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், கல்யாண வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் மாப்பிள்ளையைக் கூரை வழியாக நிறுத்துகிறோம். அவர் முழங்கையை ஊன்றுகிற இடம் காற்றுத் தடுப்பு. காற்றைத் தடுக்க மட்டுமே செய்த மெல்லிய பட்டை அது. கூடவே இரண்டு மச்சான்மார்களும் ஏறிக்கொள்கிறார்கள். சட்டப்படியும் தப்பு, உயிருக்கும் ஆபத்து. எனக்குத் தொழில் கிடைக்கிறது என்பதைத் தவிர அதில் ஒரு நன்மையும் இல்லை.

சரி, உடைந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் கேட்கிறோம். "அந்தத் துண்டு தனியா வராது சார், அசெம்ப்ளியாத்தான் வரும்" என்கிறார்கள். ரெயில், கேபிள், கை எல்லாம் சேர்த்து ஒரு செட். பல வண்டிகளில் அது ஐந்திலக்கத் தொகை. கவுண்டரில் இருக்கிற பையனைக் குறை சொல்லி என்ன செய்வது? கம்ப்யூட்டரில் அந்தத் துண்டுக்குப் பார்ட் நம்பரே இல்லை. நம்பர் இல்லாத பொருளை அவன் எப்படி ஆர்டர் போடுவான்?

இந்தப் பிரச்சினை டெல்லி வரைக்கும் போன வழக்கு. கார் கம்பெனிக்காரர்கள் உதிரிபாகத்தையும் பழுது பார்க்கும் கருவியையும் வெளிச்சந்தையில் கொடுக்காமல் தங்கள் ஏஜென்சிகளுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று 2011-இல் ஒருவர் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். விசாரித்த ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பாகங்களை வெளியில் விற்க வேண்டும் என்றும் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கு ஒரு வரையறை செய்ய குழு அமைத்தது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள் இவற்றோடு மோட்டார் வாகனமும் அதில் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் திறந்தார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் உங்கள் வண்டி இப்போது கோணிக்கொண்டு நிற்கிறது, வடகிழக்கில் மேகம் கறுக்கிறது. சட்டம் வந்து சேர்கிறவரை தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

பாகம் வராத ஊரில் வண்டி எப்படி ஓடும் என்பதற்கு நம் ஆட்களே பாடம் நடத்தியிருக்கிறார்கள். 1990-இல் யாழ்ப்பாணத்துக்குள் பெட்ரோல், பேட்டரி, உதிரிபாகம் எதுவும் போகக் கூடாது என்று இலங்கை அரசு தடை போட்டது. அங்கே ஓடியவை ஆஸ்டின், மாரிஸ் மைனர் போன்ற பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும். பெட்ரோலுக்குப் பதில் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எஞ்சின் குளிராக இருக்கும்போது அது பிடிக்காது. அதனால் கொஞ்சூண்டு பெட்ரோலைச் சின்ன போத்தலில் பத்திரமாக வைத்திருந்து, கார்புரேட்டரில் சில துளி விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொண்டார்கள். மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் எஞ்சின் ஆயிலோடு கலக்கும், ஆயில் தண்ணியாகும், எஞ்சின் சீக்கிரம் தேயும். வண்டி ஓட்டியவர்கள் இது தெரிந்தேதான் ஓட்டினார்கள். இன்றைக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும், அதற்காக நாளைய எஞ்சினைக் கொஞ்சம் கொடுக்கிறோம் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், எதைக் கெடுத்து எதைக் காப்பாற்றுகிறோம் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை. நம் ஊரில் பாகம் செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தத் தெளிவு இல்லை.

இப்போது செய்முறைக்கு வருகிறேன். முதலில் எல்லோரும் செய்கிற காரியம், உடைந்த காதை ஒட்டுவது. ஃபெவிக்விக், அரால்டைட், எம்-சீல் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். ஒட்டாது. நிறைய வண்டிகளில் அந்தத் துண்டு அசிட்டால் என்கிற பிளாஸ்டிக். டெல்ரின் என்ற பெயரில் டூபாண்ட் கம்பெனி 1960-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மேல் எதுவும் ஒட்டாமல் வழுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதை ரெயிலில் போட்டார்கள். கிரீஸே வேண்டாம் என்கிற அளவுக்கு வழுக்குகிற பொருளில் கோந்து மட்டும் எப்படிப் பிடிக்கும்?

அடுத்து, இஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைகள் த்ரீ-டி பிரிண்டரில் அச்சடித்துக் கொண்டுவருகிறார்கள். வடிவம் அற்புதமாக இருக்கிறது, அளவு துல்லியமாக இருக்கிறது. ஆனால் கல்லூரியில் சாதாரணமாகப் போடுகிற பி.எல்.ஏ. இழை 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சித்திரை மதியத்தில் வெயிலில் நிற்கிற கறுப்புக் காரின் கூரை 70 டிகிரியைத் தாண்டும். காலையில் மாட்டியது அஸர் தொழுகை நேரத்துக்குள் கொழுக்கட்டை மாவாகிவிடும். அச்சடித்த துண்டை மாதிரியாக வைத்துக்கொண்டு அளவு சரிதானா என்று மாட்டிப் பாருங்கள், ஓட்டாதீர்கள். இன்னொரு தம்பி, வீட்டில் காய் நறுக்குகிற வெள்ளை பிளாஸ்டிக் பலகையை ஆக்சா பிளேடால் அறுத்து ஒரு துண்டு செய்திருந்தார். அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக்கதை. அது பாலிஎத்திலீன், நன்றாக வழுக்கும், ஆனால் மிருதுவானது. உள்ளே இழுத்து மூடுகிற திரையின் கொக்கிக்கு அது போதும், இன்றும் ஓடுகிறது. கண்ணாடியைச் சுமக்கிற ஸ்லைடருக்கு ஆகாது, சூட்டில் பளுவுக்கு மெல்ல மெல்ல நசுங்கும்.

மிச்சம் இரண்டு. நைலான் ராடு, டெல்ரின் ராடு. லேத் பட்டறைகளில் நைலான் எளிதாகக் கிடைக்கும், புஷ் கடைவது பெரும்பாலும் அதில்தான். ஆனால் நம் ஊருக்கு நைலான் வேண்டாம் என்பது என் கட்சி. காரணம் ஈரம். நைலான் காற்றில் இருக்கிற ஈரத்திலேயே 2, 3 சதவீதம் எடை கூடும். தண்ணீரில் ஊறினால் 9 சதவீதம் வரை குடிக்கும். குடித்தால் பருக்கும். ஆனியில் சிக்கென்று கடைந்து மாட்டிய துண்டு, ஐப்பசி அடைமழையில் காடிக்குள் இறுகி உட்கார்ந்துகொள்ளும். டெல்ரின் ஊறினாலும் 1 சதவீதத்துக்குள்தான். 175 டிகிரிவரை உருகாது. திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ சென்னையிலோ பிளாஸ்டிக் ராடு விற்கிற கடையில் கேட்டால் வெட்டிக் கொடுப்பார்கள். ஒரு சாண் ராடில் ஓர் ஊருக்கே ஸ்லைடர் செய்யலாம்.

அளவு எடுப்பதில் கவனம் வேண்டும். உடைந்த துண்டை அளந்து அதைப்போலவே செய்தால், தேய்ந்த துண்டுக்கு நகல் எடுத்தவர்கள் ஆவோம். ரெயிலின் காடியைத்தான் வெர்னியரால் அளக்க வேண்டும், அதுவும் கண்ணாடி ஓடாத கடைசிப் பகுதியில், அங்கேதான் தேய்மானம் இருக்காது. உடையாத பக்கத்துத் துண்டைப் பார்த்துச் செய்யலாம். ஆனால் இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். அப்படியே நகலெடுத்துவிட்டு, மாட்டும்போது தலையில் கை வைத்தவர்கள் உண்டு. காடியைவிட 0.2 மில்லிமீட்டர் குறைவாகக் கடையுங்கள். டெல்ரின் சூட்டில் அலுமினியத்தைவிட நாலைந்து மடங்கு விரியும். 10 மில்லிமீட்டர் அகலத் துண்டு காலை 25 டிகிரியிலிருந்து மதியம் 70 டிகிரிக்குப் போனால் 0.05 மில்லிமீட்டர் பருக்கும். அந்த இடைவெளியை முன்னாலேயே விட்டுவைக்க வேண்டும். காது உடம்போடு சேர்கிற உள்மூலையைக் கூராக வெட்டாதீர்கள். ரவுண்டு அரத்தால் லேசாக உருட்டிவிடுங்கள். கூரான மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

இப்போது முதலில் சொன்ன விஷயம். இவ்வளவு மெனக்கெட்டுச் செய்கிறவருக்கு ஓர் ஆசை வரும்: இனி உடையவே கூடாது. காதை இரண்டு மடங்கு தடிமனாக்குவார். அல்லது பித்தளையில் கடைவார். ஸ்டீலில் செய்து, "கம்பெனியைவிட ஸ்ட்ராங்கா பண்ணிட்டேன் பாய்" என்று காட்டியவர்களும் உண்டு. பார்க்க நகை மாதிரி மின்னியது. ஸ்டீல் அலுமினிய ரெயிலில் ஓடினால் முதலில் காடியைத் தின்னும். அது மெதுவாக நடக்கிற கேடு. வேகமாக நடக்கிற கேடு ஒன்று இருக்கிறது. ஒருநாள் ரெயிலில் ஒரு வேப்பங்குச்சி சிக்கும். மோட்டார் தள்ளும். கம்பெனித் துண்டாக இருந்தால் காது தெறித்து அதோடு முடிந்திருக்கும். இப்போது ஸ்டீல் தெறிக்காது. அந்த விசை வேறெங்காவது போயாக வேண்டும். கேபிள் பல்லை விட்டுத் துள்ளும், அல்லது இரும்புக் கை வளையும், அல்லது கண்ணாடியை ஏந்துகிற திருகு பிடுங்கும். பத்து ரூபாய்த் துண்டைக் காப்பாற்ற, எளிதில் மாற்ற முடியாத ரெயிலையும் கண்ணாடியையும் பணயம் வைத்திருக்கிறோம். அது நாற்சந்தியில் நடந்தால் பரவாயில்லை. திருச்சி பைபாஸில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால்?

ரோட்டவேட்டர் வைத்திருக்கிற விவசாயிகள் இங்கே இருப்பீர்கள். டிராக்டரிலிருந்து சுழற்சி வருகிற ஷாஃப்டில் ஷியர் போல்ட் என்று ஒன்று போட்டிருப்பான். கத்தியில் கல் சிக்கினால் அந்த போல்ட் அறுந்துவிடும், கியர் பாக்ஸ் தப்பிக்கும். அடிக்கடி அறுகிறதே என்று ஹை-டென்சில் போல்ட் வாங்கிப் போட்டு, கியர் பாக்ஸைப் பறிகொடுத்தவர்களை உங்களுக்கே தெரியும். சன்ரூஃபில் அந்த ஷியர் போல்ட் வேலையைச் செய்வது ஸ்லைடரின் காது. கம்பெனிக்காரன் அதைத் தெரிந்து வைத்தானா, காசு மிச்சம் பிடிக்கத் தானாக அமைந்ததா, எனக்குக் கவலையில்லை. இருக்கிற தடிமனை மாற்றாதீர்கள். 3 மில்லிமீட்டர் காது இருந்தால் 3 மில்லிமீட்டரே கடையுங்கள். இரும்புப் பின்னை உள்ளே முழுக்க ஓட்டாதீர்கள். இரண்டாவது துண்டு ஒன்றைச் சேர்த்துக் கடைந்து டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். உடைந்தால் மாட்டிக்கொள்ளலாம்.

தண்ணீர் ஒழுகுகிறது என்று வருகிறவர்களுக்கும் இதே சமாச்சாரம்தான். சன்ரூஃபின் ரப்பர் தண்ணீரை முழுசாகத் தடுப்பதற்காக வைத்ததல்ல. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும், சுற்றியிருக்கிற தட்டில் விழும், நாலு மூலையில் இருக்கிற குழாய் வழியாக முன் தூணிலும் பின் தூணிலும் இறங்கி வண்டிக்கு அடியில் போய்விடும். வாய்க்காலைவிட வடிகால் முக்கியம் என்று டெல்டாக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேப்பிலைக் காம்பும் பூவும் உமியும் அந்த வாயில் அடைத்துக்கொண்டால் தட்டு நிரம்பி, தண்ணீர் உங்கள் தலையில் விழும். உடனே சிலிகான் பேஸ்டை வாங்கிக் கண்ணாடியைச் சுற்றி அப்புவார்கள். கண்ணாடி ஒட்டிக்கொள்ளும், அடுத்து திறக்கும்போது காது போகும். தட்டின் மூலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே சொட்டினால் வழி திறந்திருக்கிறது. சொட்டாவிட்டால் தடித்த தூண்டில் நரம்பை மெதுவாக உள்ளே விட்டு எடுங்கள். கம்ப்ரசர் காற்றை அடிக்காதீர்கள், தூணுக்குள் குழாய் இணைப்பு கழன்றுகொண்டால் அப்புறம் உள்கூரையையே இறக்க வேண்டும்.

உள்கூரையை இறக்குவது பற்றி ஒரு வார்த்தை. பக்கத்துத் தலைக்காப்பு ஏர்பேக் இருக்கிற வண்டிகளில் அது கூரை ஓரமாகவே மடித்து வைத்திருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, சில நிமிஷம் பொறுத்திருந்து, பிறகுதான் கை வைக்க வேண்டும். அந்த ஒயரில் டெஸ்ட் லேம்ப் குத்திப் பார்ப்பது விளையாட்டுக்குக்கூட வேண்டாம். ஏர்பேக், மோட்டாரின் எலக்ட்ரானிக்ஸ், கண்ணாடி இந்த மூன்றும் வீட்டுப் பட்டறை வேலை அல்ல. ஐ.எஸ். 2553 முத்திரை இல்லாத கண்ணாடியைக் கூரையில் போடச் சொன்னால் நான் மாட்டேன். ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் போடலாமா என்று கேட்டவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். பழைய ரெயில் முழுசாகவே வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றியதா என்று பார்த்து, நேராக இருக்கிறதா என்று தரையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கூரைக் கண்ணாடியே இல்லாத வண்டியில் கூரையை அறுத்து சன்ரூஃப் வைக்கச் சொல்கிற தம்பிமார்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு அதற்கு எதிரானது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உடைந்ததைச் சரிசெய்வது வேறு, புதிதாக ஓட்டை போடுவது வேறு. வாரண்டி இருக்கிற வண்டியையும் என்னிடம் கொண்டுவராதீர்கள், அது கம்பெனி பாடு.

மாட்டி முடித்த பிறகு ஒரு வேலை இருக்கிறது, பலர் விட்டுவிடுகிறார்கள். கை நடுவில் சிக்கினால் நின்று திரும்புகிற பாதுகாப்பு, மோட்டார் பழைய உராய்வை ஞாபகம் வைத்திருப்பதால் வேலை செய்கிறது. புதுத் துண்டு போட்டதும் அந்தக் கணக்கு மாறிவிடும். பெரும்பாலான வண்டிகளில் மூடுகிற பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் கூரை ஒரு முறை தானாகத் திறந்து மூடி மறுபடி கற்றுக்கொள்ளும். எத்தனை விநாடி என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். அதன்பின் சுருட்டிய துணியை நடுவில் வைத்து மூடிப் பாருங்கள், திரும்ப வேண்டும். விரலை வைத்துச் சோதிக்காதீர்கள்.

ஒன்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். உடைந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள், கொண்டுவந்து கொடுங்கள். பட்டறையில் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். வண்டிப் பெயர், எந்த ஆண்டு மாடல், காடியின் அகலம், காதின் தடிமன், பின்னின் விட்டம், எங்கே உடைந்தது என்று எழுதி, பக்கத்தில் படம் வரைந்து வைக்கிறோம். பொதக்குடியிலோ மன்னார்குடியிலோ எந்த லேத்காரர் கேட்டாலும் பார்த்து எழுதிக்கொள்ளலாம், காசு வேண்டாம். சில வண்டிகளுக்கு இன்னும் வலது பக்கத்து அளவு இல்லை. வாசலில் நிற்கிற வண்டிகளில் இரண்டு அந்த மாடல்தான், வரும்போதே பார்த்துவிட்டேன். உரிமையாளர்கள் சம்மதித்தால் வெர்னியர் பையில் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.